ஆடு தின்ற அறிவிப்பு

எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் ஒட்டும். கதவுப் பிடி ஒட்டும், சீப்பு ஒட்டும், ரேடியோவின் திருகு ஒட்டும். ஒருநாள் காலையில் என் கணவர் பேருந்து ஓட்டக் கிளம்பினார், அவருடைய தொப்பி மேசையை விட்டு வர மாட்டேன் என்றது. "மேசையோட தூக்கித் தலையில வச்சுக்கோங்க, வெயிலுக்கு நல்லது" என்றேன். அவர் முறைத்த முறைப்பைப் பார்த்து என் ஓரகத்தி சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பாலைக் கோட்டைவிட்டாள்.

இதெல்லாம் அவளால் வந்தது. என் கணவருடைய அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஊர் அவளைப் பசையக்கா என்று கூப்பிடுகிறது. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். நாங்களும் சண்டை போடுவோம், சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே போடுவோம். ஆனால் அவள் பாதியில் சிரித்துவிடுவாள். எதிராளி சிரித்துவிட்டால் சண்டையை யாரோடு நடத்துவது? எனக்கு எத்தனை நல்ல பதில்கள் வாய்க்குள்ளேயே வீணாகப் போயிருக்கின்றன தெரியுமா!

அவளுக்குக் கை முந்தும், கண் பிந்தும். கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் அவளைத் தன் கடைக் கல்லாவில் உட்கார வைத்திருந்தார். கடை வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் செடிக்கு அவள் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். "வளரவே மாட்டேங்குது மாமா, மண்ணு சரியில்ல போல" என்று ஒருநாள் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்கப்புறம் அவளைக் கல்லாவிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் அனுப்பினார்கள். அவள் வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தாளாம்.

அவள் கணவர், என் மூத்தார், வயலில் மரவள்ளி போடுகிறார். வியாபாரி பெரிய கிழங்காகப் பார்த்து ஏற்றிக்கொண்டு போய்விடுவான். உடைந்தது, குட்டையானது, கோணலானது எல்லாம் கொல்லையில் மலையாகக் கிடந்து அழுகும். அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. துருவினாள், துணியில் கட்டிப் பிழிந்தாள், பிழிந்த தண்ணீரை அசையாமல் வைத்தாள். அடியில் வெள்ளை வெளேரென்று மாவு படிந்தது. அதைக் கிண்டிப் பசையாக்கி முதலில் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டினாள். பிறகு பள்ளிக்கூடம் கேட்டது. எதிர்ச்சாரியில் கடித உறை செய்கிற அச்சகம் கேட்டது. சமையலறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் பெரிய பானை ஏறியது, துடுப்பு வந்தது. கெட்டுப்போகாமல் இருக்கக் கிராம்பை இடித்துப் போடுவாள். பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போடு என்று அச்சகக்காரர் சொன்னதற்கு, "பிள்ளைங்க விரலைச் சூப்புற பசைல விஷத்தைப் போடச் சொல்றீங்களே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் மாமனாரைத்தான் சொல்கிறேன். கடைவீதியில் இரும்புக் கடை. ஆணி, கயிறு, பூட்டு, வர்ணம் எல்லாம் உண்டு. ஆனால் மேல் தட்டில் ராஜா மாதிரி வரிசையாக உட்கார்ந்திருப்பது டப்பாப் பசை. பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வருகிற சரக்கு. மூடியைத் திறந்தால் மூக்கு கழன்று விழும். ஊரில் இருக்கிற அரசு அலுவலகங்கள் அத்தனைக்கும் அந்தப் பசையைக் கொடுப்பவர் அவர்தான். அறிவிப்புப் பலகைகளைக் கடக்கும்போதெல்லாம், "பாத்துக்கோ, நான் ஒட்டி வச்ச அரசாங்கம் இது" என்பார். அக்காவின் பசையை அவர் பசை என்று ஒருநாளும் சொன்னதில்லை. கஞ்சி என்பார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை, உப்பு. டாக்டர் குறைக்கச் சொன்னார், அக்கா குறைத்தாள். அன்று பிடித்தது சனி. முதல் கவளம் வாய்க்குள் போகும், "உப்பு பத்தல!" என்ற சத்தம் வெளியே வரும். சமையலறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் விளிம்பில்தான் உப்பு ஜாடி இருக்கும், இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்டும். சத்தம் கேட்டதும் அக்காவின் கை தானாக அந்த ஜாடிக்குப் போகும். கிண்ணத்துக்கு ஒரு சிட்டிகை, சட்டிக்கு இரண்டு. பாத்திரத்துக்குத் தக்கபடி அள்ளுகிற கை அது, கண்ணைக் கேட்டுக்கொண்டிருக்காது.

இப்படி நாங்கள் ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தது. அரசு அலுவலகங்கள் இனிமேல் எதை வாங்கினாலும், வயலில் விளைந்ததைக் கொண்டு செய்த பொருளாகக் கிடைத்தால் அதற்குத்தான் முதல் இடம். மக்காச்சோளத்தில் செய்த கோப்பை, சூரியகாந்தி எண்ணெயில் கலந்த வர்ணம், எதுவாக இருந்தாலும் சரி. ஏற்கெனவே வாங்குகிற பொருள் அளவுக்கு வேலை செய்தால் போதும். விளைச்சல் வீணாகக் கூடாது, விவசாயிக்கு இன்னொரு வாசல் திறக்க வேண்டும் என்றெல்லாம் செய்தி வாசித்தவர் முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல் சொன்னார். எங்கள் வீட்டில் அந்த உணர்ச்சியையும் சேர்த்து அக்காவே காட்டினாள். அலறிய அலறலில் துருவி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். என்னைக் கட்டிப் பிடித்துச் சுற்றினாள். என் புடவையில் மாவு, அவள் கையில் மாவு, பூனை மேலும் மாவு.

மாமா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"உன் கஞ்சியும் என் பசையும் ஒண்ணாம்மா?"

"கஞ்சின்னே வச்சுக்கோங்க மாமா. ஒட்டுதா இல்லையான்னு சுவரு சொல்லட்டும்."

"சரி, சுவரே சொல்லட்டும். உன்னுது தேறினா அந்தக் கொட்டகை உனக்கே. அதப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன். தேறலைன்னா பானையைக் கவுத்துட்டு மறுபடி என் கல்லாவுல வந்து உக்காந்துரணும். எனக்கும் டப்பா அடுக்க இடம் பத்தல."

நான் அவள் இடுப்பைக் கிள்ளுவதற்குள் "சரி மாமா" என்று சொல்லிவிட்டாள். சொன்னேனே, கண்ணுக்கு முன்னால் கை, கைக்கும் முன்னால் வாய்.

மறுநாள் கிழங்கு பிழியும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கல்லாவுல உக்காந்தா எனக்கு மூச்சு முட்டும்டீ. யாரோ எழுதி வச்ச விலையை யாருக்கோ சொல்லிட்டே இருக்கணும். இங்க இந்தக் குப்பைக் கிழங்கு வெள்ளையா மாறும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? இது போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு" என்றாள். அவள் சிரிக்காமல் பேசினால் எனக்குப் பயமாக இருக்கும். அன்று ரொம்பப் பயந்தேன்.

விண்ணப்பம் போட்டதும் விவசாய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயது, பெரிய குடை. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், பானையை எட்டிப் பார்த்தார், கிராம்பு வாசனைக்கு மூக்கை உறிஞ்சினார். அவருடைய கைப்பை எங்கள் மேசையில் ஒட்டிக்கொண்டதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டோம்.

"புதுக் கொள்கையைப் பத்தின அறிவிப்பையே ஒட்டிப் பாத்துரலாம்" என்றார். "ரெண்டு பசையும் பக்கத்துப் பக்கத்துல. ஒரு வாரம் வெயில் மழை தாங்கணும். எடுக்கும்போது சுவரு பாழாகக் கூடாது. அப்புறம் இன்னொண்ணு, ஆடு மாடு வாய் வச்சாலும் அதுக்குக் கேடு வரக் கூடாது. அதைக் கால்நடை மருத்துவர் பாத்துச் சொல்லணும், அதுக்குத்தான் நாளாகும்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆடு ஏன் மேடம் பசைல வாய் வைக்கப் போகுது? அதுக்கு வேற வேலை இல்லையா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பரீட்சைக்கான பசையைக் கிண்டிய அன்று அக்கா பானையைத் தேய்த்த தேய்ப்பில் ஓட்டை விழாதது அதிசயம். நல்ல மாவாகப் பார்த்து எடுத்து, கட்டி தட்டாமல் கரைத்து, நான் ஒரு பக்கம் பானையைப் பிடித்துக்கொள்ள, அவள் துடுப்பைப் போட்டுக் கிண்டினாள். கண்ணாடி மாதிரி ஒரு நிறம் வரும், அப்போதுதான் பதம். அந்தப் பதம் வருகிற நேரம் பார்த்து உள்ளே மாமா சாப்பிட உட்கார்ந்தார். மூத்தார்தான் பரிமாறினார். முதல் கவளம் உள்ளே போனது.

"உப்பு பத்தல!"

"இதோ மாமா!" என்றாள் அக்கா. அவள் கண் பானையில், கை ஜன்னலில். கையில் எதையோ அள்ளிப் பானையில் போட்டதைப் பார்த்தேன். இடித்த கிராம்பு என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே மாமா இன்னும் இரண்டு முறை கத்திவிட்டு ஓய்ந்தார். பசை அன்று என்னவோ வழக்கத்தைவிடப் பளபளப்பாக இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

ஒட்டப் போன நாள் ஒரு கல்யாண ஊர்வலம்போல் இருந்தது. அக்கா வாளியோடு, நான் தூரிகையோடு, மாமா டப்பாவோடும் மூக்கில் கட்டிய துணியோடும், பின்னால் அதிகாரியம்மா குடையோடு. விவசாய அலுவலகத்துச் சுவரில் ஒட்டினோம். சந்தைச் சுவரில் ஒட்டினோம். ஆள் நின்று படிக்கிற உயரத்தில், இரண்டு காகிதமும் பக்கத்துப் பக்கத்தில், 'விளைபொருளில் செய்த பொருளுக்கே முதல் இடம்' என்று கொட்டை எழுத்தில். சந்தையில் மாமாவின் உள்ளங்கை அவருடைய பசையிலேயே சுவரோடு மாட்டிக்கொண்டது. "விடுங்க, உங்க அரசாங்கத்தை நீங்களே தாங்கிப் பிடிச்சுட்டு நில்லுங்க" என்றேன். அதிகாரியம்மா குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பேருந்து நிலையத்தில்தான் தகராறு. கீழே சுவர் முழுக்க சினிமா போஸ்டர். இடமிருந்தது மேலே, கூரைக்குக் கொஞ்சம் கீழே மட்டும்தான். என் கணவர் தன் பேருந்தைப் பின்னால் எடுத்துச் சுவரோரம் நிறுத்தினார். மாமாவுக்கு மூட்டு வலி, அதனால் அக்கா பேருந்தின் பின்னேணியில் ஏறி மாமாவின் காகிதத்தையும் அவளே ஒட்டினாள், தன்னுடையதையும் ஒட்டினாள். பயணிகள் கீழே இருந்து கைதட்டினார்கள். இறங்கி வந்தவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். "அங்க ஒட்டி யாரு படிக்கப் போறாங்க, காக்காவா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அதிகாரியம்மா போனார். அந்த ஒரு வாரம் அக்கா வீட்டில் இருந்த நேரத்தைவிடச் சந்தைச் சுவரடியில் இருந்த நேரம்தான் அதிகம். அவள் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது, ஒரு முனைகூடத் தூக்கவில்லை. வியாழக்கிழமை நல்ல தூறல். அதையும் தாங்கியது. அக்கா நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து கொட்டகையில் தனியாக ஒரு ஆட்டம் போட்டாள். நான் ஜன்னல் வழியே பார்த்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் மாமா சும்மா இருந்தாரா? வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஒரு வண்டி டப்பாக்களைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் அடுக்கிவிட்டார். "எப்படியும் இன்னைக்கு முடிவு தெரிஞ்சுரும், எதுக்கு ரெண்டு வேலை?" என்றார். ஜெயிப்பதற்கு முன்பே மாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்கிற ஆள்!

அப்போதுதான் என் கணவர் போன் செய்தார். சந்தைத் திருப்பத்தில் பேருந்தை நிறுத்திவிட்டுப் பேசுகிறார், பின்னால் பயணிகள் கூச்சல்.

"ஏய், சீக்கிரம் வாங்க! உங்க நோட்டீஸை ஆடு தின்னுது!"

"எந்த ஆடு?"

"எல்லா ஆடும்!"

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள், எங்களுக்கு இரண்டும் ஓடின. அக்கா கையில் துடுப்போடு முன்னால், நான் ஒரு காலில் மட்டும் செருப்போடு பின்னால். சந்தைச் சுவரடியில் ஒரு மந்தையே நின்றது. முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி, நாக்கை நீட்டி, அடடா, என்ன ஒரு ஈடுபாடு! பக்கத்தில் மாமாவின் காகிதத்தை ஒரு ஆடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கிடாவின் வாயில் காகித நறுக்கு ஒன்று தொங்கியது. அதில் 'முதல் இட' என்ற எழுத்து வரை தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போனது.

"அடப் பாவி ஆடுகளா! அது அரசாங்கக் கொள்கைடா!" என்று நான் கத்தினேன். சந்தையே சிரித்தது. காய்கறி விற்கிறவள் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆட்டுக்காரர் சிரிக்கவில்லை. "என் ஆட்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் சும்மா இருக்கமாட்டேன்" என்று சண்டைக்கு வந்தார். "உங்க ஆடு எங்க நோட்டீஸைத் தின்னுட்டு ஏப்பம் விடுது, நீங்க எங்ககிட்ட சண்டைக்கு வர்றீங்களா? நல்லா இருக்கே நியாயம்!" என்று நானும் இடுப்பில் கை வைத்தேன். வாய்க்குள் வீணாகிக் கிடந்த பதில்களில் பாதியை அன்று செலவழித்தேன்.

இதற்குள் மாமாவும் வந்துவிட்டார். சுவரைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தவர் நிற்க முடியாமல் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ பாவம், இப்படியா ஆகணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்றேன், அவர் காதில் விழட்டும் என்றே.

அக்காவும் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே துடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "போச்சுடீ. என் கொட்டகை போச்சு. ஆபீஸ் சுவத்துல இருந்ததையும் தின்னுருக்கும். நான் கல்லாவுக்கே போறேன்" என்றாள்.  மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. இத்தனை நாள் பள்ளிக்கூடத்துச் சுவரில் அக்காவின் பசை இருக்கிறது, ஒரு ஆடும் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. இதில் மட்டும் அப்படி என்ன? சுவரில் ஈரமாக மிச்சமிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நக்கிய ஆடு என் பக்கத்தில் நின்று நியாயமா என்பது போல் பார்த்தது.

"அக்கா, உப்பு!"

"எங்க?"

"பசைலக்கா! சரியான உப்பு! ஊறுகாய் போடலாம்! நேத்துத் தூறல்ல ஊறி வெளிய வந்துருக்கு!"

அக்கா அழுகையை நிறுத்திவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக மாமாவைப் பார்த்தாள். "நீங்கதான் மாமா கேட்டீங்க, நான் கிண்டிட்டிருக்கும்போது" என்றாள். அதில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். வெங்காய மூட்டைமேல் இருந்த மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது உண்மைதான், ஆனால் இங்கே கெட்டது அடுத்தவள் பிழைப்பு. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே கோபம் பாதி இறங்கிவிட்டது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அதிகாரியம்மா குடையைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். வெறும் சுவரைப் பார்த்தார். சந்தையே ஒரே நேரத்தில் நடந்ததைச் சொன்னது. அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஆபீஸ் சுவத்துலயும் இதே கதைதான். எனக்குப் புரியுதுங்க. ஆனா ஒட்டுச்சா, நின்னுச்சான்னு நான் கண்ணால பாக்கணுமே. சுவத்துல ஒண்ணுமே இல்லாம தேறிடுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

 ஆடு மென்றுகொண்டே இருந்தது. மாமா அப்படியே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், டப்பாக்கள் கொட்டகைக்குள் போய்விடும். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு இருக்கு மேடம். மேல. ஆடு எட்டாது."

"அட ஆமாம்!" என்று நான் துள்ளினேன். "ஆனா நேத்து மழையில அது என்ன ஆச்சோ?"

"ஒண்ணும் ஆகல" என்றார் மாமா. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மழை விட்டதும் நான் போய்ப் பாத்தேன். பெஞ்சுல ஏறி நின்னு குடைக் கம்பியால நோண்டியும் பாத்தேன். வரல."

 சந்தையில் எழுந்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. "மூட்டு வலியோட பெஞ்சுல ஏறினீங்களா மாமா?" என்று அக்கா கேட்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தக் கவலைதான்! மாமா காதுவரை சிவந்து, "இப்பவும் வலிக்குது" என்றார்.

எல்லோரும் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினோம். முன்னால் ஸ்கூட்டர், பின்னால் நாங்கள், அதற்குப் பின்னால் வேடிக்கை பார்க்கிற கூட்டம், கடைசியில் அக்காவின் கையில் இருந்த துடுப்பை நக்கிக்கொண்டே ஆடுகள். என் கணவர் பேருந்தைச் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்தினார். "வண்டி இப்பக் கிளம்பாது, அரசாங்க வேலை நடக்குது" என்று பயணிகளிடம் அவர் சொன்ன மிடுக்கு இருக்கிறதே, அமைச்சர் தோற்றார்!

அதிகாரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். முனையை நகத்தால் சுரண்டினார். வரவில்லை. இழுத்தார். வரவில்லை. குடைக் கம்பி குத்திய தழும்புகள் தெரிகின்றன என்று மேலேயிருந்து அறிவித்தார், மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஈரத்துணியை வாங்கிக் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்து எடுத்தார். தோல் உரிகிற மாதிரி முழுசாக வந்தது, சுவரில் ஒரு கறைகூட இல்லை. அடுத்ததாக மாமாவின் காகிதத்தை உரித்தார். அதுவும் வந்தது, சுவரின் காரையோடு சேர்ந்து வந்து எங்கள் தலையில் கொட்டியது. "என் சரக்கு அப்படித்தான்! பிடிச்சா விடாது!" என்று மாமா அப்போதும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

கீழே இறங்கிய அதிகாரியம்மா ஆட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"ஆடுங்க எப்படி இருக்கு?"

"உப்பைத் தின்னுச்சு, தண்ணி குடிக்குது. வேற ஒண்ணும் இல்ல" என்றார் அவர், இன்னும் முறைப்பு குறையாமல்.

"கால்நடை மருத்துவர இன்னைக்கே வரச் சொல்றேன். உங்க ஆடுங்களையே பாத்துரட்டும். இவ்வளவு தின்ன ஆடு வேற எங்க கிடைக்கும்?"

தன் ஆடுகள் அரசாங்கப் பரிசோதனைக்குத் தேர்வாகிவிட்டன என்று தெரிந்ததும் மனிதர் தோரணையே மாறிவிட்டது. கிடாவின் தலையை வாரிவிட ஆரம்பித்தார். அக்காவுக்குப் பொறுமை இல்லை. துடுப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "மேடம், தேறிச்சா இல்லையா? அதைச் சொல்லிடுங்க" என்றாள்.

"சுவத்துப் பரீட்சை தேறிடுச்சுங்க. மருத்துவரும் சரின்னுட்டா முதல் ஆர்டர் எங்க ஆபீசோடது. ஆனா அடுத்த பானைல உப்பு வேண்டாம். ஆமா, யாரு போட்டது அந்த உப்பை?"

மாமா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

அக்கா என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? என்னைக் கட்டிக்கொண்டாள், அதிகாரியம்மாவைக் கட்டிக்கொண்டாள், தடுப்பதற்குள் ஒரு ஆட்டையும் கட்டிக்கொண்டாள். என் கணவர் ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் என் இன்னொரு காலில் செருப்பு இல்லை என்பதே தெரிந்தது.

மருத்துவர் மத்தியானமே வந்து ஆடுகளின் கண்ணையும் வயிற்றையும் பார்த்து, ஒன்றுமில்லை, கொழுத்திருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் மாமா யாரையும் கூப்பிடவில்லை. கொட்டகை வாசலில் அடுக்கியிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தானே தூக்கி வண்டியில் ஏற்றினார். உதவிக்குப் போன மூத்தாரை, "நான் கொண்டாந்தேன், நானே எடுத்துப்பேன்" என்று விரட்டிவிட்டார். ஏற்றி முடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அக்கா சோறு, பருப்பு, கீரை என்று சிரித்துக்கொண்டே பரிமாறினாள்.

மாமா முதல் கவளத்தை வாயில் வைத்தார். நாங்கள் இருவரும் பழக்கதோஷத்தில் காத்திருந்தோம். அக்காவின் கை பாதி தூரம் ஜன்னலுக்குப் போய் நின்றது. சத்தம் வரவில்லை. அவர் மென்றார், விழுங்கினார், அடுத்த கவளத்தை உருட்டினார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நானும் ஒரு வாய் எடுத்து வைத்தேன். பருப்பில் உப்பே இல்லை. கீரையைத் தொட்டேன், அதிலும் இல்லை. சந்தோஷத்தில் ஒரு கல் உப்புகூடப் போடாமல் சமைத்து வைத்திருக்கிறாள் மகராசி!

"அக்கா, இதுல உப்..." என்று ஆரம்பித்தேன்.

மாமா என்னை ஒரு முறை முறைத்தார். "சின்னவளே, பேசாம சாப்பிடு" என்றார். பிறகு காலித் தட்டை அக்கா பக்கம் நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு. இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா."